நடுநிசியில் திணறும் மூச்சு

ராத்திரி இரண்டு மணி. வீடு அடங்கிக் கிடக்கிறது. பத்து மணிக்குப் படுத்து அயர்ந்து தூங்கிய குடும்பத் தலைவர் திடீரென்று எழுந்து உட்காருகிறார். ஹிருதயம் படபடவென்று அடித்துக்கொள்ளுகிறது. வாயைத் திறந்து எவ்வளவு இழுத்தாலும் காற்றுப் போதவில்லை. படுக்கையை விட்டு எழுந்து ஜன்னலண்டை சென்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மனைவி விழித்துக்கொண்டு விளக்கைப் போடுகிறாள். மாட்டுப்பெண் வெந்நீர் கொண்டுவருகிறாள். பிள்ளை முதுகைத் தடவிக் கொடுக்கிறான். அடுத்த அறையிலிருந்து பாட்டி, "ஓமத் திராவகம் இருக்கிறதா, பாரடி!" என்று குரல் கொடுக்கிறாள். அரை மணி நேரத்துக்கெல்லாம் மூச்சு நிதானப்படுகிறது. "ஒன்றுமில்லை, ராத்திரி சாப்பிட்ட வாழைக்காய்தான். வாயு!" என்று தீர்ப்பாகிறது. பொழுது விடிந்ததும் அவர் வழக்கம்போல் காப்பி அருந்திவிட்டுப் பத்திரிகையைக் கையில் எடுக்கிறார். வீட்டில் எல்லோரும் அந்த விஷயத்தை மறந்துவிடுகிறார்கள்.

வாயு பகவான் பாவம்! நம் வீடுகளில் அவர்மீது சுமத்தப்படும் பழிகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் சில நியாயமானவையாகவும் இருக்கலாம். ஆனால், தூங்குகிற மனிதனை எழுப்பி உட்கார்த்தி, காற்றைத் தேடி ஜன்னலுக்கு ஓடச் செய்கிற மூச்சுத் திணறலை விசாரணையே இல்லாமல் அவர் தலையில் கட்டிவிடுவது நியாயமுமல்ல, க்ஷேமமுமல்ல.

இந்த உபாதையில் உள்ள பெரிய சங்கடம், அது ராத்திரியில் வந்து பகலில் மறைந்துவிடுகிறது என்பதே. காலை பத்து மணிக்கு வைத்தியர் முன்னிலையில் போய் உட்காரும்போது நாடி ஒழுங்காக ஓடுகிறது. மூச்சு சாதாரணமாக இருக்கிறது. நோயாளிக்கே, 'இதற்காகவா வந்தோம்?' என்று வெட்கமாக இருக்கிறது. "கொஞ்சம் தூக்கம் சரியில்லை, டாக்டர்" என்று அவர் மென்று விழுங்குகிறார். டாக்டரும் கொஞ்சம் ஏதோ எழுதிக் கொடுக்கிறார். ராத்திரி நடந்தது இன்னதென்று சொல்லக்கூடிய சாட்சி, விளக்கைப் போட்ட அந்த மனைவிதான். அவளை யாரும் கேட்பதில்லை. பல சமயங்களில் அவள் உடன் போவதுகூட இல்லை. அவள் எதையெதைக் கவனித்துச் சொல்லவேண்டும் என்பதை எடுத்துச் சொல்லவே இந்தக் கட்டுரை.

சாமானியர்கள் வீட்டில்தான் இப்படி நேரும் என்று எண்ணவேண்டாம். மணி அடித்தால் தேசத்தின் தலைசிறந்த வைத்தியர்கள் ஓடிவரக்கூடிய ஒரு மாளிகையிலும் இது நேர்ந்தது.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பெயர் நம் நாட்டாருக்கு அந்நியமன்று. 1942-ல் கிரிப்ஸ் தூது நடந்த சமயத்தில் லூயி ஜான்ஸன் என்பவரைத் தம் பிரதிநிதியாக டில்லிக்கு அனுப்பி, இந்தியாவின் விஷயமாகச் சர்ச்சிலை நெருக்கியவர் அவர். 1943-ம் வருஷக் கடைசியில் டெஹ்ரான் மகாநாட்டுக்குப் போய்த் திரும்பியது முதல் அவருக்கு உடம்பு தேறவில்லை. இருமல் விடவில்லை. களைப்பு நீங்கவில்லை. அவருடைய சொந்த வைத்தியரான அட்மிரல் மக்கின்டயர் மூக்கு, தொண்டை சம்பந்தமான நோய்களில் நிபுணர். ஆகவே, இது இன்புளுயன்ஸா ஜுரத்தின் மிச்சம், மார்புச் சளி என்று சொல்லிச் சிகிச்சை செய்துவந்தார். மூக்கு நிபுணருக்கு நோயெல்லாம் மூக்கிலே தோன்றுவது உலக இயல்பு போலும்!

இது போதாது என்று கண்டவர் ஒரு டாக்டர் அல்ல. ஜனாதிபதியின் மகள் அன்னா. தகப்பனாருடன் ஒரே வீட்டில் இருந்த அவர், நாளுக்கு நாள் அவர் மெலிவதையும் திணறுவதையும் பார்த்துவிட்டு, முழுப் பரிசோதனை செய்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதன் பலனாக 1944-ம் வருஷம் மார்ச்சு 28-ந் தேதி பெதெஸ்டாவிலுள்ள கடற்படை ஆஸ்பத்திரியில் ஹோவர்ட் புரூயென் என்ற ஹிருதய நோய் வைத்தியர் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்தார். ரத்த அழுத்தம் 186-க்கு 108. ஹிருதயம் வீங்கிப் பெரிதாகியிருந்தது. சுவாசப்பைகளின் அடிப்பாகத்தில் நீர் கோத்திருப்பதற்கு அடையாளமான சத்தம் கேட்டது. உதடுகளில் நீலம் பாய்ந்திருந்தது. சளியுமல்ல, ஜுரத்தின் மிச்சமுமல்ல. ஹிருதயம் தன் வேலையைச் செய்யமுடியாமல் தத்தளிக்கத் தொடங்கிவிட்டது என்று புரூயென் கண்டார்.

அவர் சொன்ன சிகிச்சை மிக எளியது. டிஜிடாலிஸ் என்ற மருந்து, உணவில் உப்பைக் குறைத்தல், ஓய்வு, சிகரெட்டைக் குறைத்தல், படுத்தால் மூச்சு முட்டுவதால் கட்டிலின் தலைப்புறத்தை உயர்த்துதல். சுமார் பத்து நாட்களில் சுவாசப்பைகள் தெளிந்தன; ஹிருதயத்தின் வீக்கம் குறைந்தது; இருமல் நின்றது; ராத்திரித் தூக்கம் திரும்பிற்று. பல மாதமாகச் சளிக்கென்று கொடுத்த மருந்துகளால் ஆகாத காரியம் அது.

இந்த டிஜிடாலிஸின் பூர்வோத்தரம் ருசிகரமானது. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்னும் பிரதேசத்தில் ஒரு கிழவி உடம்பு வீக்கத்துக்குப் பச்சிலைக் கஷாயம் ஒன்றை ரகசியமாகக் கொடுத்துவந்தாள். வில்லியம் விதரிங் என்ற டாக்டர் அந்தக் கஷாயத்தில் சேர்ந்த பல இலைகளில் உண்மையில் வேலை செய்வது எது என்று ஆராய்ந்து, 1785-ல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த இலையிலிருந்து வந்ததுதான் டிஜிடாலிஸ்.

ரூஸ்வெல்ட்டின் ஹிருதயத்தைச் சற்றுத் தாங்கிப் பிடிக்க மருந்து இருந்தது. ஆனால் அந்த ஹிருதயத்தை அவ்வளவு தூரம் நசுக்கிய ரத்த அழுத்தத்தைத் தணிக்க, அவருடைய டாக்டர்களிடம் நம்பத் தகுந்த மருந்து எதுவும் இருக்கவில்லை. வயதானவர்களுக்கு அழுத்தம் ஏறுவது இயற்கை, அதைக் குறைக்க முயல்வதே அபாயம் என்று நம்பிய பெரிய டாக்டர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். இங்கே நம் நாட்டுக்குரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1931-லேயே கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வங்காள வைத்தியர்கள், சித்தப்பிரமைக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவந்த சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மேல்நாட்டில் அதை அப்பொழுது கவனித்தவர்கள் அதிகமில்லை. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் ஹிருதய வைத்தியப் பத்திரிகை ஒன்றில் தம் அநுபவத்தை வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் ஸ்விட்ஸர்லாந்தில் அந்த வேரின் சாரத்தைப் பிரித்தெடுத்து ரெஸர்பின் என்று பெயர் வைத்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் சர்ப்பகந்தி வேரைத் தேடி நாட்டு மருந்துக் கடைக்குப் போகவேண்டாம். அது மனத்தைச் சோர்வில் ஆழ்த்தக்கூடியது. அதைவிட நல்ல மருந்துகள் இன்று எத்தனையோ வந்துவிட்டன.

ரூஸ்வெல்ட்டின் கதை முடிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜனாதிபதி சௌக்கியமாக இருக்கிறார் என்றே ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. அவரோ, தமக்கு என்ன நோய், என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று புரூயெனை ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம்! நான்காவது முறையாகத் தேர்தலில் ஜயித்தார். 1945-ம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி, வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், ஒரு சித்திரக்காரி தம்மைப் படமாக எழுதிக்கொண்டிருந்தபோது தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. வயது அறுபத்துமூன்று. முழு விவரத்தையும் புரூயென் வெளியிட்டது 1970-ல்தான்.

படுத்தால் மூச்சு முட்டுவானேன்?

ஹிருதயம் உண்மையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பம்புகள். வலது புறத்துப் பம்பு ரத்தத்தைச் சுவாசப்பைகளுக்கு அனுப்புகிறது. அங்கே காற்றைப் பெற்றுச் சிவந்து வரும் ரத்தத்தை இடது புறத்துப் பம்பு உடம்பு முழுவதற்கும் தள்ளுகிறது. நெடுநாள் ரத்த அழுத்தத்தாலோ, முன்பு வந்த மாரடைப்பாலோ இடது பம்பு தளர்ந்துவிட்டால், வருகிற ரத்தத்தை வருகிற வேகத்தில் தள்ள அதனால் முடிவதில்லை. வாய்க்காலில் மதகு பாதி அடைத்துக்கொண்டால் பின்னால் வயல் மூழ்குகிறதல்லவா? அதுபோலச் சுவாசப்பைகளில் ரத்தம் தேங்கி, அதிலிருந்து நீர் கசிகிறது.

பகலெல்லாம் மனிதன் நின்றும் உட்கார்ந்தும் இருக்கிறபடியால் உடம்பிலுள்ள உபரி நீர் கால்களில் இறங்கி நிற்கிறது. மாலையில் செருப்பு வார் காலில் பதிந்து தடம் விடுவது இதனால்தான். ராத்திரி படுத்ததும் அந்த நீர் மெள்ள மெள்ள ரத்தத்தோடு கலந்து ஹிருதயத்துக்குத் திரும்புகிறது. தளர்ந்த பம்புக்கு இது அதிகப்படி பாரம். தூக்கத்தில் மூச்சைக் கண்காணிக்கும் மூளையும் சற்று மந்தமாக இருப்பதால், நிலைமை முற்றுகிற வரையில் தூங்குகிறவருக்குத் தெரிவதில்லை. ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து நீரில் மூழ்கியவர் போல் திடுக்கிட்டு எழுகிறார். எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் நீர் மறுபடி கீழே இறங்குகிறது. ஆனால் உடனே இறங்குவதில்லை. கால் மணி, அரை மணி ஆகிறது. ஜன்னலண்டை போய் நின்றவருக்குச் சுகம் கொடுத்தது ஜன்னல் காற்று அல்ல, அவர் நின்றதுதான்!

ஆகையினால் அநுபவமுள்ள வைத்தியர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை தலையணை வைத்துக்கொண்டு படுக்கிறீர்கள்?" என்பது. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் சாய்வு நாற்காலியிலேயே தூங்குகிற நிலைக்கு வந்துவிட்டவர்கள் அநேகர். அது நோயின் படிக்கட்டு என்பதை அவர்கள் அறிவதில்லை. கணுக்கால் வீக்கம், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்குமேல் எடை ஏறுதல், மாடிப்படி ஏறினால் பெருமூச்சு, படுத்தால் மட்டும் வரும் வறட்டு இருமல் ஆகிய இவையெல்லாம் அந்தத் தலையணைகளின் உறவினர்கள்.

நோய் ஓரளவு கட்டுப்பட்டிருக்கும்போது திடீரென்று ஒரு ராத்திரி திணறல் திரும்ப வந்தால், காரணம் அநேகமாகச் சமையலறையிலோ மருந்துப் பெட்டியிலோ இருக்கும். கல்யாண வீட்டில் ஊறுகாயும் அப்பளமும் வற்றலுமாகச் சாப்பிட்டது ஒன்று. 'உடம்புதான் நன்றாக இருக்கிறதே!' என்று மருந்தை நிறுத்தியது இன்னொன்று. முழங்கால் வலிக்காகக் கடையில் தாமே கேட்டு வாங்கிச் சாப்பிட்ட வலி மாத்திரை மூன்றாவது. இந்த மூன்றாவது காரணத்தை அறிந்தவர் மிகச் சிலரே. அந்த மாத்திரைகளில் பல, உப்பையும் நீரையும் உடம்பில் தங்கச் செய்துவிடுகின்றன.

ஹிருதயம் மட்டுமே குற்றவாளியா?

இல்லை. ராத்திரி மூச்சுத் திணறல் எல்லாம் ஹிருதய நோய் என்று சொல்லி நேயர்களின் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. வேறு பல காரணங்களும் உண்டு. ஒவ்வொன்றும் தன் கைரேகையை விட்டுவிட்டுப் போகிறது.

ஆஸ்துமா என்கிற இழுப்பு, பின்னிரவில் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் வருவதில் பேர்போனது. தாமே அந்த நோயால் அவதிப்பட்ட ஸர் ஜான் பிளாயர் என்ற இங்கிலாந்து வைத்தியர் 1698-ல் வெளியிட்ட நூலிலேயே அந்த நடுநிசி நேரத்தைக் குறித்திருக்கிறார். அந்த வேளையில் மூச்சுக் குழாய்களை விரித்து வைக்கும் சுரப்புகள் உடம்பில் குறைந்துவிடுகின்றன, குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சை வெளியே விடும்போது விசில் போன்ற சத்தம் கேட்கும். சிறு பிராயம் முதல் இழுப்போ, தும்மலோ, தோல் அரிப்போ இருந்த சரித்திரமும் இருக்கும். ஹிருதய நோயிலும் சில சமயம் இதே விசில் கேட்பதுண்டு. ஆகையால் அறுபது வயதில் முதல் தடவையாக 'ஆஸ்துமா' வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், ஹிருதயத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

குறட்டை விடுகிறவர்களின் சமாசாரம் வேறு. உறக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைத்துக்கொள்ளுகிறது. குறட்டை திடீரென்று நிற்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அதற்கு மேலும் மூச்சே இல்லை. பக்கத்தில் படுத்திருக்கிற மனைவி, ஐயோ என்று எழுந்து பார்க்கிறாள். அதற்குள் ஒரு பெரிய கனைப்புடன் மூச்சு திரும்புகிறது. ஹிருதயம் துடிக்க அவர் விழித்துக்கொள்ளுகிறார். ஆனால் விழித்த சில விநாடிகளில் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஹிருதய நோயாளி போல் அரை மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. காலையில் தலைவலி, பகலில் ஆபீஸ் நாற்காலியில் தூக்கம் ஆகியவை துணைச் சாட்சிகள். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-ல் எழுதத் தொடங்கிய 'பிக்விக்' நாவலில் ஜோ என்ற பருமனான பையன் எப்பொழுது பார்த்தாலும் தூங்கி விழுவான். 1956-ல் அமெரிக்க டாக்டர்கள் இதற்கு நெருங்கிய உறவான ஒரு நோய்க்கு அந்த நாவலின் பெயரையே சூட்டினார்கள். 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் ஸல்லிவன் என்ற டாக்டர், தூசி உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரைத் திருப்பி வைத்து, மூக்கு வழியாக மெல்லிய காற்றழுத்தம் செலுத்தினால் தொண்டை அடைபடாமல் இருக்கிறது என்று காட்டினார். இன்று பல வீடுகளில் கட்டிலண்டை இருக்கும் சிறு காற்றுக் கருவி அதன் வம்சம்தான். குறட்டை வேடிக்கைக்குரிய விஷயம் என்று மட்டும் நினைக்கவேண்டாம். அடைபடும் குறட்டை ரத்த அழுத்தத்தை ஏற்றி, நாளடைவில் ஹிருதயத்தையும் கெடுக்கிறது.

இரைப்பையிலுள்ள புளிப்பு நீர் தொண்டைக்கு ஏறி, திடீரென்று குரல்வளையை இறுக்கிவிடுவதும் உண்டு. வாயில் புளிப்பும் நெஞ்சில் எரிச்சலும் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, பத்தே காலுக்குப் படுத்திருப்பார். வாழைக்காய் மீது வழக்குத் தொடர இடமுள்ளது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். நீரிழிவுக்கு இன்ஸுலின் போட்டுக்கொள்பவர் வியர்த்து விறுவிறுத்துப் படபடப்புடன் எழுந்தால், சர்க்கரை குறைந்துவிட்டதா என்று உடனே பார்க்கவேண்டும். ரத்த சோகையும், கழுத்திலுள்ள தைராய்டு கோளம் அதிகமாக வேலை செய்வதும்கூட ஹிருதயத்தை ராத்திரியில் ஓடவிடும்.

நம் பாட்டிமார்கள் அமுக்குவான் பேய் என்று ஒன்றைச் சொல்வார்கள். மார்பின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்தாற்போல் இருக்கும், கண் திறந்திருக்கும், கையைக் காலை அசைக்க முடியாது, கத்த வாய் வராது. கனவு காணும் உறக்கத்தில் உடம்பின் தசைகளை மூளை கட்டிப்போட்டு வைப்பது வழக்கம். அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகிறது. ஓரிரு நிமிஷத்தில் தானே நீங்கிவிடும். பேயுமில்லை, ஹிருதய நோயுமில்லை.

ஸ்திரீகள் விஷயத்தில் ஒரு வார்த்தை அழுத்தமாகச் சொல்லவேண்டும். நம் தேசத்தில் இருபது, இருபத்தைந்து வயதுப் பெண் கர்ப்பமாக இருக்கும்போது ராத்திரி மூச்சு முட்டி எழுந்தால், "பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். நாலு பேர் சொன்னால் அவளும் நம்பிவிடுகிறாள். ஆனால் அவள் பத்து வயதில் தொண்டை வலியும் ஜுரமும் வந்து, பிறகு முழங்கால், கணுக்கால் என்று மூட்டு மூட்டாக வீங்கிக் கிடந்ததை யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா? அந்த மூட்டு வாத ஜுரம் மூட்டுகளை விட்டுப் போகும்போது, ஹிருதயத்தின் இடது பக்கத்துக் கதவைச் சுருக்கிவிட்டுப் போகிறது. பல வருஷம் வெளியே தெரிவதில்லை. கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிறபோது, குறுகிய கதவு வழியே அவ்வளவு ரத்தமும் போகமுடியாமல் சுவாசப்பைகளில் தேங்குகிறது. வேறு சிலருக்கு, ஹிருதயத்தில் முன்பு எந்தக் கோளாறும் இல்லாதிருந்தும், பிரசவத்துக்கு முந்திய கடைசி மாதத்திலோ, பிந்திய ஐந்து மாதங்களிலோ ஹிருதயத் தசையே தளர்ந்துபோவதுண்டு. கைக்குழந்தைக்காகக் கண்விழித்த களைப்பு என்று வீட்டார் நினைத்துக்கொள்ளுகிறார்கள். இரண்டையும் பரிசோதித்து அறிய வழி இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. சுருங்கிய கதவைப் பலூன் ஒன்றைச் செலுத்தி விரிக்கும் முறையை ஜப்பானிய டாக்டர் கன்ஜி இனோவே 1980-களில் கண்டுபிடித்தார். மார்பைப் பிளக்காமலே செய்யக்கூடிய அந்தச் சிகிச்சையால் பிழைத்த தாய்மார் நம் நாட்டில் ஏராளம். மூட்டு வாத ஜுரம் வந்த குழந்தைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசியைப் பல வருஷம் விடாமல் போட்டுவந்தால், கதவு மேலும் கெடாமல் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

அடுத்தபடியாக, மத்திய வயது தாண்டிய பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் மாரடைப்பு சில சமயம் மார்வலியே இல்லாமல், வெறும் மூச்சுத் திணறலும் குளிர்ந்த வியர்வையுமாக வருகிறது. வலி இல்லையே என்று காத்திருப்பது சரியன்று.

கடைசியாகப் பயத்தினால் வரும் படபடப்பு. 1871-ல் ஜேக்கப் டா காஸ்டா என்ற அமெரிக்க டாக்டர், உள்நாட்டுப் போரில் சேவை செய்த சிப்பாய்கள் பலருக்கு ஹிருதயம் படபடத்து, மார்பு வலித்து, மூச்சு வாங்குவதைப் பற்றி எழுதினார். ஹிருதயத்தில் ஊனம் எதுவும் அகப்படவில்லை. முதல் உலக யுத்தத்திலும் ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு அது வந்தது. போர்க்களம் பார்க்காத வீடுகளிலும் அது வரும். விசித்திரம் என்னவென்றால், இது கெட்ட கனவினால் வருவதன்று. கனவில்லாத உறக்கத்திலிருந்தே மனிதனை எழுப்பிவிடும். பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்குமேல் வெளியேறி, விரல் நுனிகளும் உதட்டைச் சுற்றிலும் மதமதத்துப் போகும். 'சாகப்போகிறோம்' என்ற எண்ணம் அதனால் இன்னும் உறுதிப்படும். இது நடிப்பு அல்ல, கோழைத்தனமும் அல்ல. அநுபவிக்கிறவருக்கு அது முற்றிலும் நிஜம். மனோ வைத்தியத்தாலும் மருந்தாலும் நன்றாகக் குணமாகக்கூடியது. ஆனால் 'வெறும் பயம்' என்ற தீர்ப்பைப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் சொல்லவேண்டுமேயன்றி, விளக்கைப் போட்டவுடன் மைத்துனர் சொல்லக்கூடாது.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்வது?

படுக்கவைக்காதீர்கள். முதுகுக்குத் திண்டு வைத்து நிமிர்ந்து உட்கார்த்துங்கள். கால்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கட்டும். சுற்றி நின்று காற்றை மறைக்கவேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் எத்தனை மூச்சு, மணிக்கட்டில் நாடி எத்தனை துடிப்பு, ஒழுங்காகத் துடிக்கிறதா, தாறுமாறாகத் துடிக்கிறதா என்று எண்ணி ஒரு காகிதத்தில் குறியுங்கள். ஏற்கனவே டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தோ, இழுப்புக்கான உறிஞ்சு குழலோ இருந்தால் அவர் சொன்னபடி கொடுங்கள். அண்டை வீட்டு மாமாவுக்குக் கேட்ட மாத்திரை வேண்டாம். தூக்க மாத்திரை கூடவே கூடாது. காகிதப் பைக்குள் மூச்சு விடச்சொல்லும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஹிருதயமோ இழுப்போ காரணமாக இருந்தால், அது இருக்கிற கொஞ்சம் பிராணவாயுவையும் குறைத்துவிடும்.

மார்பில் பாரமோ வலியோ, குளிர்ந்த வியர்வை, உதட்டில் நீலம், நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ சளி, மயக்கம், புத்தித் தடுமாற்றம், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத திணறல், ஒரு காலில் மட்டும் புதிய வீக்கமும் வலியும் ஆகிய இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கால் மணி உட்கார்ந்தும் தணியாவிட்டாலும் அப்படியே. தமிழ்நாட்டில் 2008 முதல் நடந்துவரும் 108 வண்டியைக் கூப்பிடுங்கள். நோயாளியைத் தம் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு போகவிடாதீர்கள். 'பக்கத்தில்தானே' என்று கிளம்பும் பிரகிருதிகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

தானாகவே தணிந்துவிட்டால், அடுத்த ஓரிரு நாளுக்குள் டாக்டரிடம் போகவேண்டும். விளக்கைப் போட்டவர் கூடப் போகவேண்டும். படுத்து எத்தனை மணி நேரத்தில் எழுந்தார், எழுந்தபின் எத்தனை நிமிஷத்தில் சரியாயிற்று, எத்தனை தலையணை, விசில் சத்தம் உண்டா, வாயில் புளிப்பு உண்டா, கால் வீங்கியிருந்ததா, ராத்திரி என்ன சாப்பிட்டார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பனவற்றை எழுதி எடுத்துப் போனால் டாக்டரின் வேலை பாதி முடிந்துவிடும். மின்சார ஹிருதயப் படம், ஒலி அலையால் எடுக்கும் ஹிருதயப் படம், ஒரு ரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றையும் கொண்டு மீதிப் பாதியை அவர் பார்த்துக்கொள்வார். குறட்டை விஷயமாக இருந்தால் சம்பந்தப்பட்டவர் அதை ஒருகாலும் ஒப்புக்கொள்ளமாட்டார். அதற்கும் இப்பொழுது வழி இருக்கிறது. அவர் தூங்கும்போது கைபேசியைத் தலைமாட்டில் வைத்து, அந்தச் சத்தத்தையும் அது நிற்கும் இடைவெளியையும் ஐந்து நிமிஷம் பதிவு செய்து டாக்டரிடம் போட்டுக்காட்டினால் போதும்.